அலுவலகக் கட்டடத்தின் கார்பன் கணக்கு: பெங்களூருவில் எங்கே தொடங்குவது, எங்கே பிசகும்

அவுட்டர் ரிங் ரோட்டிலோ ஒயிட்ஃபீல்டிலோ ஐந்தாறு கட்டடங்களை வாடகைக்கு விட்டிருக்கும் ஒரு நிறுவனம் "2040-க்குள் நெட் ஜீரோ" (நிகர உமிழ்வு பூஜ்ஜியம்) என்று அறிவிக்க ஒரே ஒரு கூட்டம் போதும். அந்த அறிவிப்பைத் தாங்க வேண்டிய எண்களோ பேஸ்மென்ட்டில், எச்டி (உயர் அழுத்த மின்சார) பேனல் அறையில், டீசல் டேங்க் பக்கத்தில், ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லர் பிளான்ட்டின் லாக் புக்கில் கிடக்கின்றன. பெங்களூருவில் அந்த அறைகளில் வேலை பார்ப்பவர்களில் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துத் தமிழர்கள் நிறைய. அவர்களுக்கும், தலைமை அலுவலகத்தில் எக்செல் தாளை நிரப்புகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். மீட்டர் சரியில்லாமல் போட்ட இலக்கு, முதல் தணிக்கையிலேயே ஆட்டம் காணும்.

முதலில் எல்லைக்கோடு

கார்பன் கணக்குக்கான உலகளாவிய விதிமுறையான ஜிஎச்ஜி புரோட்டோகால் உமிழ்வை மூன்றாகப் பிரிக்கிறது. உங்கள் பொறுப்பில் எரிவதும் கசிவதும் ஸ்கோப் 1: ஜெனரேட்டர் டீசல், ஏசி காஸ், கம்பெனி வண்டி. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்ற எல்லாம் 15 வகைகளாக ஸ்கோப் 3-இல் வரும். கட்டட நிறுவனத்துக்கு அந்தப் பதினைந்தில் இரண்டுதான் மலை: கட்டுமானப் பொருள்கள் அடங்கும் 2-ஆம் வகை, வாடகைக்கு விட்ட சொத்துகள் வரும் 13-ஆம் வகை.

சிக்கல் 13-இல்தான். பெங்களூருவின் பெரும்பாலான ஐடி பார்க்குகளில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் எச்டி இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கும். டெனன்ட்டுகளுக்கு சப்-மீட்டர் வைத்துப் பணம் வசூலிப்பார்கள். பில் நம் பெயரில் வருகிறது என்பதற்காக எல்லா யூனிட்டும் நம் ஸ்கோப் 2 ஆகிவிடாது. செயல்பாட்டுக் கட்டுப்பாடு யார் கையில் என்பதை வைத்துப் பிரித்தால் லிஃப்ட், லாபி, பார்க்கிங் விளக்கு, தண்ணீர் பம்ப், எஸ்டிபி (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்), நாம் ஓட்டும் சில்லர் பிளான்ட் ஆகியவை நம் ஸ்கோப் 2. டெனன்ட் தளத்துக்குள் இருக்கும் விளக்கு, கம்ப்யூட்டர், யூபிஎஸ், சர்வர் அறை நம் ஸ்கோப் 3-இன் 13-ஆம் வகை. கட்டடம் முழுவதையும் ஒரே டெனன்ட் எடுத்து, ஜெனரேட்டர் உட்பட எல்லாவற்றையும் அவரே ஓட்டினால், மொத்தமும் 13-க்குப் போகும்.

குளிர்ந்த நீரில் கவனம் வேண்டும். சில்லரை நாம் ஓட்டுகிறோம், குளிர்ச்சியை அளக்கும் பிடியு மீட்டர்படி டெனன்ட் பணம் கட்டுகிறார். நாம் "அது டெனன்ட் செலவு" என்று கழித்துவிடுகிறோம். டெனன்ட் "சில்லர் உரிமையாளருடையது" என்று விட்டுவிடுகிறார். கட்டடத்தின் மிகப் பெரிய மின்சுமைகளில் ஒன்று இரண்டு கணக்கிலிருந்தும் காணாமல் போகிறது. எந்த மீட்டர் எந்தக் கூடை என்று கட்டடத்துக்கு ஒரு பக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். அது ஆண்டுக்கு ஆண்டு மாறக் கூடாது.

கோடு போடுவது டெனன்ட் பங்கை ஒளிக்க அல்ல. நிறுவனங்களின் உமிழ்வு இலக்குகளைச் சரிபார்க்கும் எஸ்பிடிஐ அமைப்பு 2024-இல் கட்டடத் துறைக்கென வெளியிட்ட விதிகள், உரிமையாளர் பகுதியையும் டெனன்ட் பகுதியையும் சேர்த்து முழுக் கட்டடத்தையும்தான் இலக்குக்குள் கேட்கின்றன. குறைக்கிற நடவடிக்கையை யார் எடுக்க முடியும் என்று தெரியத்தான் இந்தக் கோடு.

மின்சார யூனிட்டை எடுக்கும் விதம்

பெஸ்காம் பில்லில் கடைசியாகப் பணம் போட்ட யூனிட்டை எடுத்து எக்செல்லில் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. ஓப்பன் ஆக்சஸில், அதாவது வெளி உற்பத்தியாளரிடம் நேரடியாக, சோலார் வாங்கும் கட்டடத்தில், கிரிட் வழியே வந்த அந்த வீலிங் யூனிட்டைக் கழித்த மிச்சத்துக்குத்தான் பில். மாதம் 9 லட்சம் யூனிட் ஓடியிருக்கும், பில் 4 லட்சம் யூனிட்டுக்கு வந்திருக்கும். ஸ்கோப் 2-ஐ இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும். இடம் சார்ந்த கணக்கில் 9 லட்சம் முழுவதையும் கிரிட் காரணியால் (ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு உமிழ்வு என்ற எண்) பெருக்க வேண்டும். சந்தை சார்ந்த கணக்கில்தான் சோலார் பங்கைப் பூஜ்ஜியமாக எடுக்கலாம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த சோலாரின் பசுமை உரிமை வேறெங்கும் சான்றிதழாக விற்கப்பட்டிருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லையென்றால் இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி சோலார் இருந்தால் அங்கேயே செலவான யூனிட் பெஸ்காம் மீட்டருக்குத் தெரியவே தெரியாது. சோலார் உற்பத்தி மீட்டரைத் தனியே படித்து மொத்த நுகர்வில் சேருங்கள். அப்போதுதான் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு உண்மையாக இருக்கும்.

அடுத்து, மெயின் மீட்டருக்கும் சப்-மீட்டர்களின் கூட்டுத்தொகைக்கும் உள்ள இடைவெளி. டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் இழப்பாக ஓரிரு விழுக்காடு இயல்பு. 5 விழுக்காட்டைத் தாண்டினால் தேடுங்கள். மொட்டைமாடி மொபைல் டவர், விளம்பரப் பலகை, பின்னால் வந்த இவி சார்ஜர் என மீட்டர் இல்லாத சுமைகள் ஒரு பக்கம். மறுபக்கம், ஒரு ஃபேஸில் சிடி (மின்னோட்டத்தை மீட்டருக்குக் காட்டும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தலைகீழாக மாட்டப்பட்ட மீட்டர். சுமை சமமாக இருந்தால் இரண்டு ஃபேஸ் கூட்டும், ஒன்று கழிக்கும். மீட்டர் உண்மையான நுகர்வில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும். ஒரு தளத்தின் யூனிட் பக்கத்துத் தளத்தைவிட மூன்று மடங்கு குறைவாக இருந்தால், சிக்கனமான டெனன்ட் என்று பாராட்டுவதற்கு முன் பேனலைத் திறந்து சிடி அம்புக்குறியைப் பாருங்கள்.

யூனிட்டைப் பெருக்கும் காரணியை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-24-க்கு ஒரு மெகாவாட் மணிக்கு 0.727 டன், அதாவது யூனிட்டுக்கு 727 கிராம். கர்நாடகத்தில் சூரிய, காற்று மின்சாரம் அதிகம் என்று சொல்லி மாநிலத்துக்கென ஒரு சிறிய காரணியைப் போடும் ஆசை பலருக்கு வருகிறது. தென்னக கிரிட் 2013 டிசம்பர் 31 அன்றே மற்ற இந்தியாவோடு இணைந்துவிட்டது. ஆணையம் தருவது நாடு முழுமைக்குமான ஒரே காரணி. அதையே பயன்படுத்துங்கள், எந்தப் பதிப்பு என்றும் குறித்து வையுங்கள்.

டீசல், ஏசி காஸ்

லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வாங்கிய டீசலைக் கணக்கில் எழுதாதீர்கள், எரிந்ததை எழுதுங்கள். மாதத் தொடக்க இருப்பு, கூட்டல் வந்தது, கழித்தல் மாதக் கடைசி இருப்பு. இருப்பை டிப் ஸ்டிக்கால் அளப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: படுத்த உருளை டேங்க்கில் உயரமும் லிட்டரும் நேர்விகிதத்தில் போகாது. டேங்க்கோடு வந்த அளவு அட்டவணையை லேமினேட் செய்து பக்கத்தில் தொங்கவிடுங்கள்.

சரிபார்க்க ஒரு எளிய வழி: ஜெனரேட்டர் தந்த யூனிட்டை லிட்டரால் வகுங்கள். நல்ல சுமையில் 3.2 முதல் 3.8 வரை வரும். 2-க்குப் பக்கத்தில் வந்தால் குறைந்த சுமையில் ஓடுகிறது, அல்லது டீசல் வேறெங்கோ போகிறது. 5 வந்தால் டீசல் பில் ஒன்று பதிவாகாமல் விட்டுப்போயிருக்கிறது. எந்த எஞ்சினும் அவ்வளவு தராது.

காஸ் கசிவைப் பலர் "சின்ன விஷயம்" என்று தள்ளுகிறார்கள். ஆர்-134ஏ சிலிண்டர் ஒன்றில் 13.6 கிலோ. அதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல் 1,300 மடங்கு. ஒரு சிலிண்டர் காஸ் காற்றில் போனால் 17.7 டன், அதாவது சுமார் 6,600 லிட்டர் டீசல் எரித்ததற்குச் சமம். அந்தச் சிலிண்டரை ஒருவர் ஒரு கையால் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார்.

இந்த எண் தவறிப்போவதற்குக் காரணம் ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு) ஒப்பந்தம். எல்லாம் சேர்ந்த ஒப்பந்தத்தில் காஸ் டாப்-அப்புக்குத் தனி பில் வராது. பில் இல்லாததால் கணக்குப் பிரிவுக்கும் தெரியாது. சர்வீஸ் ரிப்போர்ட்டில் "காஸ் சார்ஜ் செய்யப்பட்டது" என்று மட்டும் இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்காது. ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள்: சிலிண்டரை ஏற்றும் முன்னும் பின்னும் தராசில் நிறுத்து இரு எடையையும் எழுத வேண்டும், பழைய காஸை வெளியே விடாமல் மீட்டு எடுத்த எடையையும் எழுத வேண்டும். வெப்பமாக்கும் திறன் எந்த ஐபிசிசி (ஐ.நா. காலநிலைக் குழு) அறிக்கையின் மதிப்பு என்பதும் முக்கியம். ஆர்-134ஏ நான்காம் அறிக்கையில் 1,430, ஐந்தாவதில் 1,300, ஆறாவதில் 1,530. ஒன்றைத் தேர்ந்தெடுத்து எல்லா ஆண்டுக்கும் அதையே போடுங்கள். இன்னும் ஆர்-22 ஓடும் பழைய யூனிட் இருந்தால், ஓசோன் பாதுகாப்புக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கீழ் வரும் காஸ் என்பதால் அதை ஸ்கோப்களுக்கு வெளியே தனி வரியில் காட்ட வேண்டும்.

ஒரு கட்டடம், ஒரு வருடம்

கணக்குக்காக 5 லட்சம் சதுர அடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டரில் சுமார் 46,450. பொது இடமும் சில்லரும் 45 லட்சம் யூனிட், டெனன்ட் தளங்கள் 60 லட்சம் யூனிட், டீசல் 40,000 லிட்டர், ஆர்-134ஏ கசிவு 60 கிலோ.

டீசல் 107 டன், காஸ் 78 டன். ஸ்கோப் 1 மொத்தம் 185 டன். ஸ்கோப் 2, இடம் சார்ந்த கணக்கில் 3,272 டன். டெனன்ட் மின்சாரம் மட்டும் 4,362 டன். உரிமையாளர் பகுதியை மட்டும் பார்த்தால் சதுர மீட்டருக்கு 74 கிலோ. டெனன்ட்டையும் சேர்த்தால் 168 கிலோ. இரண்டும் ஒரே கட்டடம்தான். வேறொரு நிறுவனத்தோடு ஒப்பிடும்போது அவர்கள் எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் மேலே போகக் கூடாது.

கீழே வகுக்கும் பரப்பிலும் பிசகு வரும். வாடகை ஒப்பந்தத்தில் சூப்பர் பில்ட்-அப், வரைபடத்தில் பில்ட்-அப், டெனன்ட் பேசுவது கார்ப்பெட் ஏரியா. பிஇஇ (ஒன்றிய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு) நட்சத்திர மதிப்பீடு பார்க்கிங்கை விட்டுவிட்டு பில்ட்-அப்பை எடுக்கிறது. மூன்று நிலை பேஸ்மென்ட்டைப் பரப்பில் சேர்த்தால் ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே செறிவு, அதாவது சதுர மீட்டருக்கான அளவு, சரிந்து அழகாகத் தெரியும். தணிக்கையாளர் முதலில் கேட்பதும் இதைத்தான்.

அடிப்படை ஆண்டும் இலக்கும்

2020-21, 2021-22 இரண்டையும் அடிப்படை ஆண்டாக எடுக்காதீர்கள். கோவிட் காலத்தில் கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. அந்த எண்ணிலிருந்து தொடங்கினால் ஆட்கள் திரும்பி வந்ததே உமிழ்வு உயர்வாகத் தெரியும். எந்த ஆண்டை எடுத்தாலும் அந்த ஆண்டின் ஆக்கிரமிப்பு விழுக்காட்டைப் பக்கத்திலேயே எழுதுங்கள். கட்டடம் வாங்கினாலோ விற்றாலோ, மீட்டர் தவறு கண்டுபிடித்தாலோ, மாற்றம் 5 விழுக்காட்டைத் தொட்டால் அடிப்படை ஆண்டைத் திரும்பக் கணக்கிட வேண்டும் என்பது எஸ்பிடிஐ விதி. விற்ற கட்டடத்தின் உமிழ்வைக் "குறைத்ததாக" காட்டுவது அதனால் செல்லாது.

1.5 டிகிரிப் பாதைக்கு ஸ்கோப் 1, 2-இல் அடிப்படை அளவிலிருந்து ஆண்டுக்கு 4.2 விழுக்காடு குறைய வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். நம் கட்டடத்தில் 3,457 டன்னுக்கு அது ஆண்டுக்கு 145 டன், மின்சாரமாகச் சொன்னால் சுமார் 2 லட்சம் யூனிட். நிர்வாகக் குழுவிடம் விழுக்காடாகச் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள். சீஃப் எஞ்சினியருக்கும் அப்போதுதான் எதைத் தொடலாம் என்று யோசனை ஓடும். செறிவு இலக்கை மட்டும் அறிவிப்பதும் நேர்மையாகாது. புதுக் கட்டடங்கள் வரும்போது சதுர மீட்டர் கணக்கு இறங்க, மொத்த டன் ஏறிக்கொண்டே போகும். இரண்டையும் போடுங்கள். விலைக்கு வாங்கிய கார்பன் கிரெடிட்டை எஸ்பிடிஐ குறுகிய கால இலக்கில் கழிக்க விடாது.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு 2022-23 முதல் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் பிஆர்எஸ்ஆர் (வணிகப் பொறுப்பு, நீடித்தன்மை) அறிக்கை கட்டாயம். பட்டியலில் இல்லாத உரிமையாளரும் தப்ப முடியாது: வெளிநாட்டு டெனன்ட்டுகள் தங்கள் கணக்குக்காக இதே எண்களைக் கேட்டு வருகிறார்கள்.

எதைத் தொட்டால் குறையும்

சில்லர் பிளான்ட்டிலிருந்து தொடங்குங்கள். முதலில் அளவு. குளிர்ந்த நீர் மணிக்கு எத்தனை கன மீட்டர் ஓடுகிறது, போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம். இரண்டையும் பெருக்கி 3.024-ஆல் வகுத்தால் டன் குளிர்ச்சி. 300 கன மீட்டர், 5.5 டிகிரி என்றால் 546 டன். சில்லர், பம்ப், கூலிங் டவர் மூன்றும் சேர்ந்து 480 கிலோவாட் இழுத்தால் டன் குளிர்ச்சிக்கு 0.88 கிலோவாட். நீர் குளிர்விப்பு பிளான்ட்டில் 0.75-க்குப் பக்கம் வந்தால் நன்றாக ஓடுகிறது. 1-ஐத் தாண்டினால் ஆற்றல் தணிக்கைக்கு ஆள் கூப்பிட வேண்டிய நிலை.

பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது அந்த 5.5 டிகிரிதான். 3 டிகிரியாக இறங்கியிருந்தால் அதே நீரைச் சுற்றவிட்டு 298 டன்தான் கிடைக்கும். ஆபரேட்டர் குளிர்ச்சி போதவில்லை என்று இரண்டாவது சில்லரையும் பம்பையும் ஓட்டுவார். காரணம் தளத்தில் இருக்கும்: ஏஎச்யு (காற்றைக் குளிர்வித்துத் தளத்துக்கு அனுப்பும் யூனிட்) வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது, காயில் அழுக்கு, பில்டர் அடைப்பு, பைபாஸ் வால்வு மூடப்படாமல் கிடப்பது. புது சில்லர் வாங்கும் முன் ஒவ்வொரு தளமாக ஏறி அந்த வால்வுகளைப் பாருங்கள். நீரின் வெப்பநிலையை 7-இலிருந்து 9-ஆக உயர்த்தினால் டிகிரிக்கு 2 முதல் 3 விழுக்காடு வரை சில்லர் மின்சாரம் மிச்சம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவில் வருடத்தின் பல மாதங்களில் இது தாராளமாகச் செல்லும்.

ஏஎச்யு அறையில் விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) திரையைப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸ் என்று காட்டி, ஸ்விட்ச் 'ஹேண்ட்' பக்கம் இருந்தால் அந்த விஎஃப்டி வெறும் விலையுயர்ந்த ஸ்டார்ட்டர்தான். யாரோ ஒரு நாள் புழுக்கம் என்று புகார் செய்ததும் கையால் மாற்றி, அப்படியே விட்டிருப்பார்கள். மின்விசிறியின் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகப் போகிறது. 40 ஹெர்ட்ஸுக்கு இறக்கினால் பாதிதான் இழுக்கும். பைசா செலவில்லாத வேலை இது, சென்சார் சரியாகப் படித்தால் போதும். பார்க்கிங் எக்ஸாஸ்ட் விசிறிக்கும் கார்பன் மோனாக்சைடு சென்சாரோடு இதே கணக்கு.

டெனன்ட் தளத்தில் நாம் கை வைக்க முடியாது. வாடகை ஒப்பந்தத்தில்தான் வழி. மாத மின்தரவைப் பகிர்வது, ஏசியை 24 டிகிரியில் வைப்பது, ஃபிட்-அவுட்டில் விளக்கு வாட் வரம்பு, வேலை நேரத்துக்குப் பிறகு ஏசி கேட்டால் தனிக் கட்டணம். புதுப்பிக்கும் சமயத்தில் கேட்டால் ஒத்துக்கொள்வார்கள். ஒப்பந்தத்தின் நடுவில் கேட்டால் வழக்கறிஞர் பதில் எழுதுவார்.

சோலார் எவ்வளவு தரும்

நம் கட்டடத்தின் மொட்டைமாடியில் கூலிங் டவர், தண்ணீர்த் தொட்டி போக 25,000 சதுர அடி மிஞ்சினால் 250 கிலோவாட் போடலாம். ஆண்டுக்கு ஏறக்குறைய 3.5 லட்சம் யூனிட். 105 லட்சத்தில் 3 விழுக்காடு சொச்சம். போட வேண்டியதுதான், ஆனால் இலக்கை அது எட்டாது. வெளியிலிருந்து வாங்கியே ஆக வேண்டும்.

2022 பசுமை ஓப்பன் ஆக்சஸ் விதிகள் குறைந்தபட்ச அளவை 1 மெகாவாட்டிலிருந்து 100 கிலோவாட்டாக இறக்கின. குரூப் கேப்டிவ் முறையில் பயனாளர்கள் சேர்ந்து மின்நிலையத்தில் 26 விழுக்காடு பங்கு வைத்து, உற்பத்தியில் 51 விழுக்காட்டையாவது நுகர்ந்தால் கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம் கிடையாது. இந்த 51-தான் காலை வாரும். பெரிய டெனன்ட் ஒருவர் காலி செய்துபோனால் நுகர்வு விழும். நிதியாண்டுக் கடைசியில் 51-ஐத் தொடவில்லையென்றால் கேப்டிவ் தகுதியே போய், சர்சார்ஜ் விழும். காலியிடம் வந்தாலும் தாங்கும் அளவுக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். டெனன்ட்டே பெஸ்காமிடம் தனி இணைப்பு வைத்திருந்தால் நம் ஒப்பந்த மின்சாரம் அவருக்குப் போகாது. அவருக்கு பெஸ்காமின் பசுமைக் கட்டணத்தைச் சொல்லலாம். அமெரிக்க நேரத்துக்கு வேலை நடக்கும் கட்டடத்தில் இரவு சுமைக்கு சோலார் உதவாது. சித்ரதுர்கா, கதக் பக்கத்துக் காற்றாலை மின்சாரத்தைக் கலந்து வாங்குவது பொருந்தும், தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அது உச்சத்தில் இருக்கும்.

புதிதாகக் கட்டும்போது

சிமென்ட்டும் இரும்பும்தான் இங்கே பெரும் பங்கு. அடித்தளத்துக்கு ஸ்லாக் (இரும்பு உலைக் கசடு) கலந்த சிமென்ட் கேளுங்கள். 28 நாள் வலுவுக்குப் பதில் 56 நாள் வலுவை ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் ஒப்புக்கொண்டால் சிமென்ட்டில் அதிக உமிழ்வுக்குக் காரணமான கிளிங்கரின் அளவை இன்னும் குறைக்கலாம். ஸ்லாபுக்கு வேண்டாம்: வலு மெதுவாக ஏறும், சென்ட்ரிங் பிரிக்கத் தாமதமாகும், சைட்டில் சண்டை வரும். இரும்புக்கு ஒன்றிய எஃகு அமைச்சகம் 2024 டிசம்பரில் வெளியிட்ட வரையறை உதவும்: ஒரு டன் எஃகுக்கு 2.2 டன்னுக்குக் கீழ் கார்பன் உமிழ்வு உள்ளதே பசுமை எஃகு. டெண்டரிலேயே அந்த எண்ணையும் சான்றிதழையும் கேளுங்கள். ஆர்டர் போன பிறகு கேட்டால் கிடைக்காது.

இந்த வேலையை வருடக் கடைசிக்கு விடாதீர்கள். மாதம் பிறந்து 10-ஆம் தேதிக்குள் பெஸ்காம் பில், வீலிங் விவரம், சோலார் மீட்டர் படம், சப்-மீட்டர் பட்டியல், டீசல் சலான், காஸ் எடைச்சீட்டு ஆறும் ஒரே ஃபோல்டரில் இருக்க வேண்டும். மெயினுக்கும் சப்-மீட்டருக்கும் இடைவெளி, லிட்டருக்கு எத்தனை யூனிட், டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்ற மூன்று எண்களையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஏப்ரலில் நின்றுபோன மீட்டரை அடுத்த மார்ச்சில் கண்டுபிடித்தால், பதினோரு மாதத்துக்கும் மதிப்பீடுதான் எழுத முடியும். தணிக்கையாளர் அதை அப்படியே குறித்தும் வைப்பார்.